கரையில்தான் படகு கெடுகிறது

செங்கோட்டைக்குக் கடல் இல்லை. ஆனால் ஒன்றுக்கு இரண்டாகக் கடல்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மேற்கே ஆரியங்காவு வழியாக மலையிறங்கினால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் கொல்லம். கிழக்கே தென்காசி, திருநெல்வேலி தாண்டினால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தூத்துக்குடி. அந்தப் பக்கம் அரபிக்கடல், இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. பின்னிரவில் வண்டியெடுத்தால் வெயில் ஏறுவதற்குள் எந்தக் கரையிலும் நிற்கலாம். குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டு வளர்ந்த ஒருவருக்கு, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்துவிட்டால், பாரையும் நெய்மீனும் பிடிக்கச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கலாமே என்ற ஆசை வருவது இயற்கை.

வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் என்பதை. கேட்க வேண்டியது வேறு: கடலுக்குப் போகாத நாட்களில் இந்தப் படகு எங்கே, எப்படிக் கிடக்கும்? பிழைப்புக்காக ஓடும் மீனவர் படகு ஏறக்குறைய தினமும் தண்ணீரில் இறங்குகிறது. எஞ்சினில் ஒரு சத்தம் மாறினாலும் அன்றைக்கே காதில் விழுந்துவிடும், மறுநாள் காலைக்குள் கழற்றிப் பார்த்துவிடுவார்கள். பொழுதுபோக்குப் படகோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு மிச்ச நாளெல்லாம் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. உப்பும் ஈரமும் தூங்குவதில்லை.

மர வள்ளங்கள் இருந்த காலத்தில் பராமரிப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் வேலையாக இருந்தது. மலையிலிருந்து வந்த அயினி மரத்தில் ஓடாவிகள் வள்ளம் கட்டினார்கள். பலகை இடுக்குகளில் கலப்பத்து அடித்து, எண்ணெய் பூசி, கப்பல் புழு துளைக்காமல் காப்பது ஆண்டுதோறும் நடக்கும். முந்திரிக்குப் பேர்போன கொல்லத்துப் பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் மரத்துக்குப் பூச்சாக உதவியது. 1980களில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே போன்றவர்களின் முயற்சியில் பிளைவுட் வள்ளங்கள் பிறந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தைப் பெரும்பாலான கரைகளிலிருந்து ஒதுக்கிவிட்டன.

ஃபைபர் மக்காது, புழு அரிக்காது என்பது உண்மை. அதனாலேயே அதற்குப் பராமரிப்பு வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. அது பாதி உண்மைகூட இல்லை. கண்ணாடி இழையையும் ரெசினையும் காப்பது மேலே இருக்கும் மெல்லிய பளபளப்பான பூச்சு. மணலில் இழுத்து இழுத்து அந்தப் பூச்சு தேய்ந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது, நாளடைவில் கொப்புளங்கள் எழும்புகின்றன. அடிப்பகுதியில் கீறல் கண்டவுடன் காயவைத்து, தேய்த்து, ரெசின் பூசிவிட்டால் அரை நாள் வேலை. விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அந்த இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

ஆனாலும் படகில் முதலில் சாவது உடல் அல்ல, எஞ்சின். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் அவுட்போர்டு எஞ்சினை 1909 வாக்கில் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கினார். நன்னீர் ஏரிகளில் தொடங்கிய பயணம் அது. கடலுக்கு வந்ததும் ஒரு சிக்கல் வந்தது. இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓடும் தண்ணீரையே உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, வெளியே துப்பித்தான் சூடு தணிகிறது. கடலில் அந்தத் தண்ணீர் உப்புத் தண்ணீர். கரையேறி எஞ்சினை நிறுத்தியதும், உள்ளே தங்கியது காய்ந்து, நுண்ணிய வழிகளில் உப்பு படிகிறது. இப்படிப் பல பயணம் போனால் வழி அடைபட்டு ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் கொதிக்கும்.

மருந்து மலிவானது: நல்ல தண்ணீர். தண்ணீர் இழுக்கும் துளைகளின் மேல் ரப்பர் கிண்ணங்களை மாட்டி, தோட்டக் குழாயை இணைத்து, மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். எஞ்சின் சூடேறி உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் தண்ணீர் எல்லா வழிக்கும் போகும். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவது குளிக்காமல் முகம் மட்டும் கழுவிக்கொள்வது போல. அப்போது பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் வலுவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பீய்ச்சல் மெலிந்தால் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தச் சக்கரத்தின் விலை, கருகிப்போன எஞ்சின் தலையின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

கழுவிய பிறகும் உப்பு முழுக்கப் போவதில்லை. அதற்காகத்தான் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறத்தில் ஓர் உலோகக் கட்டி திருகியிருக்கும். பெரும்பாலும் துத்தநாகம், சிலவற்றில் அலுமினியக் கலவை. அலுமினிய உடம்பும் எஃகுத் தண்டும் உப்புநீரில் சேரும்போது அவற்றுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. அதில் அரிபட வேண்டிய எஞ்சினுக்குப் பதிலாக இந்தக் கட்டி கரைந்து தீர்கிறது.

இந்த யோசனைக்கு வயது இருநூறு. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகடுகள் அரிப்பதைத் தடுக்க 1824இல் ஹம்ப்ரி டேவி, செம்போடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்துப் பார்த்தார். தகடு அரிப்பது நின்றது. கூடவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால்தான் அதுவரை கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை அடை அடையாக ஒட்டி, கப்பல்களின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படை சீக்கிரமே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவியின் விஞ்ஞானத்தில் பிழையில்லை, கப்பலின் தேவைதான் வேறாக இருந்தது. இன்றைய படகுக்காரருக்கு அந்தக் கதையில் சில பாடங்கள் உண்டு. துத்தநாகக் கட்டியின் மேல் அழகுக்காகப் பெயின்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் அது வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பூச்சை அலுமினிய எஞ்சின் காலில் பூசக் கூடாது, அது அரிப்பைத் தானே வரவழைப்பது. ஓடி முடித்ததும் கரையேற்றிவிடும் படகுக்கு அந்தப் பூச்சே தேவையில்லை.

கியர் பெட்டியின் எண்ணெயையும் பார்க்க வேண்டும். அடித்திருகைக் கழற்றினால் வரும் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பெரும்பாலும் குற்றவாளி நம் தங்கூசி நூல்தான். அறுந்துபோன நூல் காற்றாடித் தண்டில் சுற்றி, ரப்பர் வளையத்தை அறுத்துவிடுகிறது.

இனி, படகை டிரெய்லரில் ஏற்றி ஊரிலேயே நிறுத்திவைக்கும் செங்கோட்டைக்காரருக்கே உரிய தொல்லைகள். முதலாவது மழை. தென்மேற்கிலும் நனையும், வடகிழக்கிலும் நனையும் ஊர் இது. ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம் உள்ள படகின் வாய் ஏறக்குறைய பத்துச் சதுர மீட்டர். மூடாமல் விட்ட படகில் நூறு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு டன் தண்ணீர் சேரும். டிரெய்லர் முறியும், பின்பலகைக்குள் இருக்கும் கட்டை ஊறும். அணியம் உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் நிறுத்தி, அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றிவைத்துவிட்டால் மழை வந்த வழியே போய்விடும். (கழற்றிய திருகை எஞ்சின் சாவியோடு கட்டி வைப்பவர் புத்திசாலி. திருகை மறந்துவிட்டுக் கடலில் இறக்கப்படும் படகுகள் உலகெங்கும் உண்டு.)

இரண்டாவது மலைப்பாதை. கணவாய் வளைவுகளில் பிரேக் போட்டு இறங்கும் டிரெய்லரின் சக்கரக் குடம் நன்றாகச் சூடேறியிருக்கும். வந்த வேகத்தில் அதைக் கடல்நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி உப்புநீரை பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். துறையில் ஒரு டீ குடித்து, அரைமணி ஆறவிட்டு இறக்குவதே நல்லது.

மூன்றாவது பெட்ரோல், இது ஊருக்கு மட்டுமல்ல, நாட்டுக்கே பொது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு எஞ்சின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒப்புகின்றன. எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் குழாய் போவதும் அந்த அடியிலிருந்துதான். தினமும் ஓடும் படகில் பெட்ரோல் பழசாக நேரமில்லை. மாதக்கணக்கில் நிற்கும் படகில் மிச்சப் பெட்ரோலை வைத்திருப்பதே தவறு. தேவைக்கு மட்டும் வாங்கி, தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை இணைத்து, திரும்பியதும் கார்ப்பரேட்டரில் தங்கியதை வடித்துவிட வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஐம்பதுக்கு ஒன்று என்பது வழக்கமான கலவை, அதாவது லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய். டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புவது பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கிப் பொறிக்குக் காத்திருக்கும்.

சாமான்கள் வாங்கும் படலத்தில் ஆசைதான் முன்னால் ஓடும். மீன் இருக்கும் இடம் காட்டும் ஒலிக்கருவிக்குச் செலவழித்துவிட்டு, உயிர்காப்பு உடுப்பைப் பழசாக வாங்குவார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு ஆரஞ்சு உடுப்பு, அதுவும் பெட்டிக்குள் அல்ல, உடம்பில். ஓட்டுபவரின் மணிக்கட்டில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு. அலை தூக்கிப்போட்டு ஆள் கடலில் விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். இல்லாவிட்டால் ஆளில்லாப் படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வரும்.

தகவல் தொடர்பின் அருமையைத் தென்கடற்கரை 2017இல் கண்ணீரோடு கற்றது. நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் எழுந்தபோது குமரி, கேரள மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்ட வழியே இல்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. இஸ்ரோவின் பழைய அபாய அறிவிப்புக் கருவியால் செய்தி அனுப்ப மட்டுமே முடிந்தது. 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, கூப்பிட்டவருக்கு ‘செய்தி கிடைத்தது’ என்று பதிலும் சொல்கிறது, கரையிலிருந்து எச்சரிக்கையையும் அனுப்புகிறது. கரையோரத்தில் மட்டும் சுற்றும் படகுக்கும் விஎச்எஃப் ரேடியோ ஒன்று அவசியம். 16ஆம் சேனலில் அபாயக் குரல் கேட்கும் காதுகள் எப்போதும் உண்டு. செல்பேசி சிக்னல் இருக்கும்வரை கடலோரக் காவல்படையின் 1554. புறப்படுமுன் ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்ப்பதற்குக் காசே வேண்டாம்.

இரண்டாவது எஞ்சின் ஆடம்பரம் என்று தோன்றலாம். எழுத்தாளர் ஹெமிங்வே 1934இல் புரூக்ளினில் கட்டுவித்த 38 அடி ‘பிலார்’ படகில் பெரிய எஞ்சினோடு சின்னதாக இன்னொன்றும் இருந்தது. அவ்வளவுக்கு வசதியில்லாதவர் இரண்டு துடுப்பும், நல்ல நங்கூரமும் வைத்திருந்தால் போதும். எஞ்சின் நின்ற படகைப் பாறையில் மோதாமல் நிறுத்துவது நங்கூரம்தான். ஆழத்தைப் போல ஐந்து மடங்கேனும் கயிறு, முனையில் சில மீட்டர் சங்கிலி. பவளப் பார் மேல் அதைப் போடக் கூடாது.

மன்னார் வளைகுடாவில் அது சட்டப் பிரச்சினையும்கூட. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே போய்த் தூண்டில் போட முடியாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரச் சோதனைகளும் கடுமையாகிவிட்டன. படகின் பதிவுத் தாளும் ஆட்களின் அடையாள அட்டையும் நனையாத பையில் கூடவே வர வேண்டும்.

எப்போது போகலாம் என்பதற்குக் குற்றாலமே ஓரளவு நாட்காட்டி. சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் கொல்லத்துக் கடல் கொந்தளிக்கும். 1988இல் தொடங்கிய கேரளத்தின் இழுவலைத் தடை இப்போது ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள். தூத்துக்குடியில் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் எஞ்சின் இறக்குவதுமாக ஒரே தச்சு, வெல்டிங் சத்தம். தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும், பொழுதுபோக்குப் படகுக்காரர் அங்கே இரண்டு நாள் நின்று வேடிக்கை பார்த்தால் எந்தக் கையேட்டிலும் இல்லாததைக் கற்றுக்கொள்ளலாம். தை, மாசி, பங்குனிதான் பொதுவாக இரு கடலும் தணிந்து கிடக்கும் காலம்.

பழைய படகு வாங்குவதாக இருந்தால் அதே துறைமுகத்தில் ஓர் ஓடாவியையோ எஞ்சின் மெக்கானிக்கையோ கூட்டிக்கொண்டு போவது உத்தமம். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே கட்டை ஊறிய இடம் மந்தமாகச் சொத்தென்று கேட்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினால் பலகை அசையக் கூடாது. கியர் எண்ணெய், துத்தநாகக் கட்டி, பீய்ச்சும் தண்ணீர் மூன்றையும் பார்த்த பிறகு, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்கலாம். ‘போன வாரம்’ என்றால் அவர் சொன்ன விலையிலிருந்து பேசத் தொடங்கலாம். ‘ரெண்டு வருசமா ஷெட்டுக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன், அண்ணாச்சி’ என்றால் எஞ்சினுக்கான விலையைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும்.