உங்களுக்குத் தெரியுமா? நின்ற இதயம் மீண்டும் துடித்த பிறகு…

மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில், பந்தல்குடியில் ஒருவர் இதயம் நின்று சரிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தித் துடிப்பை மீட்டுவிட்டாலும், இதயம் ஏன் நின்றது என்பதை உடனே கண்டுபிடித்தாக வேண்டும்.

● இ.சி.ஜி.யில் 'எஸ்.டி. உயர்வு' என்ற மாற்றம் தெரிந்தால், இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காண உடனடி ஆஞ்சியோகிராம்.

● எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) கருவியைப் படுக்கைக்கே கொண்டுவரலாம். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறதா, வலது கீழறை விரிந்திருக்கிறதா என்று காட்டும். அப்படி விரிந்திருந்தால் நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி இருக்கலாம்.

● மூளை ரத்தக்கசிவாலும் இதயம் நிற்கலாம். அதைத் தலை சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். கசிவு இருப்பது தெரியாமல் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் கசிவு பெருகும்.

● நெஞ்சு, வயிறு சி.டி.யில், அழுத்தியபோது ஏற்பட்ட விலா முறிவும் கல்லீரல் காயமும் தெரியும்.

● நினைவு திரும்பாதவருக்கு 2 முதல் 7 நாட்களுக்குள் மூளை எம்.ஆர்.ஐ. எடுப்பதுண்டு. அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து 'பிழைக்கமாட்டார்' என்று முடிவு கட்டக்கூடாது.

யாராவது இப்படிச் சரிந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். விழுமுன் நெஞ்சுவலியா, தலைவலியா, மூச்சுத்திணறலா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்தப் படத்தை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய அது உதவும்.