பாத்துட்டு என்ன பண்ணாரு?

வேதாகமத்தில் முதன்முதலாகக் கடவுளுக்குப் பெயர் வைத்தது ஒரு எகிப்திய அடிமைப் பெண். ஆகார். அவள் வைத்த பெயர் எல்ரோயீ, அதாவது என்னைப் பார்க்கிற கடவுள். இன்றைக்கு வீட்டு வாசலிலும் ஆட்டோ கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிற அந்தப் பெயர் எந்த நிலைமையில் பிறந்தது என்று ஆதியாகமம் 16-ஐ நிதானமாக வாசித்தால்தான் தெரியும்.

சாராய்க்குக் குழந்தை இல்லை. தன் அடிமைப் பெண்ணைக் கணவன் ஆபிராமுக்குக் கொடுக்கிறாள். ஆகாரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவள் கர்ப்பமானதும் எஜமானியை அலட்சியமாகப் பார்க்கிறாள், சாராய் கொடுமைப்படுத்துகிறாள், ஆகார் ஓடிப்போகிறாள். ஓடினது சூருக்குப் போகிற வழியில். எகிப்துப் பக்கம், அதாவது சொந்த ஊர்ப் பக்கம்.

கவனிச்சுப் பாருங்க, இந்த அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. "அடிமைப் பெண்", அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முதல் ஆள், வனாந்தரத்து நீரூற்றண்டை வந்த தேவதூதன். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். அதுவரை அவளிடம் யாரும் எதையுமே கேட்டதாகக் கதையில் இல்லை.

இதை ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அதில் ரெண்டு வீட்டில் அவர் பேரே தெரியாதாம். "பேர் சொல்லிக் கூப்பிட்டது சரி தம்பி. பாத்துட்டு என்ன பண்ணாரு? அதே வீட்டுக்குத்தான திரும்பிப் போகச் சொன்னாரு?"

சரியான கேள்வி. பிரசங்கங்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற இடமும் இதுதான். சாராய் செய்த கொடுமையைச் சொல்லும் எபிரெய வினைச்சொல்தான், பிறகு யாத்திராகமத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரை ஒடுக்கினதற்கும் வருகிறது. கொடுமைக்கு ஒரே சொல், யார் செய்தாலும். தூதன் அவளை அடங்கியிருக்கச் சொல்வதும் அதே வேர்ச்சொல்லில்தான். 1984-இல் பில்லிஸ் ட்ரிபிள் தன் புத்தகத்தில் இந்தக் கதையைப் பயங்கரமான வேதப்பகுதிகளில் ஒன்றாகச் சேர்த்தார். கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து ஆகாரை வாசித்த டெலோரஸ் வில்லியம்ஸ், 1993-இல் வேறு கோணம் வைத்தார்: கடவுள் இங்கே விடுதலை தரவில்லை, பிழைத்திருக்க வழி தருகிறார். கர்ப்பிணி, தனியாள், பாலைவனம். திரும்பிப் போனதால்தான் பிள்ளை உயிரோடு பிறந்தது என்று நானும் நினைக்கிறேன். அதனால் அந்தக் கட்டளை எனக்கு இனிக்கிறது என்று சொல்லமாட்டேன். அடிக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போ என்று இன்றைக்கு ஒரு பெண்ணிடம் சொல்ல இந்த வசனத்தை எடுப்பது அநியாயம்.

கதை அங்கே முடியவில்லை. 21-ஆம் அதிகாரத்தில் அவளையும் பையனையும் வெளியே அனுப்புகிறார்கள். கையில் கொஞ்சம் அப்பம், ஒரு துருத்தி தண்ணீர். தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையைச் செடியின் கீழே விட்டுவிட்டு, சாவதைப் பார்க்க முடியாமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்காருகிறாள். கடவுள் பிள்ளையின் குரலைக் கேட்கிறார் (இஸ்மவேல் என்ற பெயருக்கே கடவுள் கேட்கிறார் என்றுதான் பொருள்). அவள் கண்களைத் திறக்கிறார். ஒரு துரவு தெரிகிறது. புதிதாக ஒரு கிணறு உண்டாக்கினார் என்று எழுதவில்லை. இந்தத் தடவை திரும்பிப் போகவும் சொல்லவில்லை. அவர்கள் அடிமைகளாக இல்லாமல் வனாந்தரத்திலேயே வாழ்கிறார்கள்.

எல்ரோயீயில் இருக்கிற 'பார்' என்ற எபிரெய வேர்ச்சொல், அடுத்த அதிகாரத்தில் மோரியா மலையில் மறுபடி வருகிறது. தமிழ் வேதாகமம் அங்கே 'பார்த்துக்கொள்' என்கிறது. அழகான மொழிபெயர்ப்பு. "அம்மாவை யாரு பாத்துக்கிறா?" என்று நாம் கேட்பது வெறும் கண்ணால் பார்ப்பதை இல்லையே. எபிரெயத்திலும் பார்ப்பதற்கும் கவனித்துக்கொள்வதற்கும் இடையே தூரம் குறைவு. அக்காவின் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்: பார்த்தார், பார்த்துக்கொண்டார்; ஆனால் இரண்டுக்கும் நடுவே பல வருஷம் போனது, அந்த வருஷங்களை அவள்தான் வாழ்ந்தாள்.

இன்னொன்று, ஆகார் தூதனைச் சந்தித்த அந்த முதல் துரவு, லகாய்ரோயீ, பிறகும் வருகிறது. 25-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அப்பாவை அடக்கம் செய்கிறார்கள். அதன்பின் சாராளின் மகன் ஈசாக்கு குடியிருந்தது அந்தத் துரவுக்குப் பக்கத்தில்.