குளிர்காலத்தில் குழந்தையின் நீராட்டு



மண்பானையில் ஊற்றிவைத்த தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டால், எட்டாம் வகுப்பு மாணவனும் தயங்காமல் விடை கூறுவான். பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகின்றது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றது. ஆகவே நீர் குளிர்கின்றது. இவ்விடையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் வாயிலாகக் கேட்டு மகிழ்ந்தவன் நான். ஆயினும், அதே விதி என் வீட்டுத் தொட்டிலிலும் செல்லும் என்பதை எனக்கு உணர்த்த ஒரு செவிலி அம்மையார் வரவேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் கைக்குழந்தையை நீராட்டும் முறையே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது தாய்மார்க்குரிய செய்தியாயிற்றே, நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். வீட்டில் தம்பியோ தங்கையோ அக்காள் குழந்தையோ நீராடும்போது, "துண்டைக் கொண்டு வா" என்ற குரலுக்கு ஓடுகிறவர் நீங்கள்தாம். அந்தத் துண்டைப் பற்றியதே இப்பேச்சின் பெரும்பகுதி.

1990ஆம் ஆண்டு, தை மாதம். நான் குன்னூரில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். நீலகிரியில் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. எங்கள் தலைமகள் பிறந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. பேத்தியைப் பார்த்துக்கொள்ளத் தஞ்சைப் பக்கத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். எத்தனையோ குழந்தைகளைக் காலில் கிடத்தி நீராட்டிய கைகள் அவருடையவை. தம் ஊர் வழக்கப்படியே காலை எட்டு மணிக்குப் பின்புறத் தாழ்வாரத்தில் குழந்தையை நீராட்டினார். வெந்நீரில் குறையில்லை. நீராட்டி முடித்து ஒரு துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாம்பிராணிப் புகைக்குத் தணல் வருவதற்காகக் காத்திருந்தார். தணல் கொண்டுவரத் தாமதம் செய்தவன் நானே.

அதன் பின்னர்க் குழந்தை ஆழ்ந்து உறங்கியது. பால் குடிக்க எழுப்பியும் எழவில்லை. "குளித்த அலுப்பு, நன்றாகத் தூங்குகிறாள்" என்று அனைவரும் மகிழ்ந்தோம். தற்செயலாக வந்தார், அண்டை வீட்டில் இருந்த, பணியிலிருந்து ஓய்வு பெற்ற செவிலி அம்மையார். அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டார், பிறகு வயிற்றைத் தொட்டார். இரண்டும் சில்லென்றிருந்தன. "இது தூக்கமில்லை, ஐயா. குளிரில் சோர்ந்து கிடக்கிறது" என்றார். குழந்தையைச் சுற்றியிருந்தது அதே ஈரத்துண்டு! அதனை அகற்றி, குழந்தையின் உடலைத் துடைத்து, தலைக்குக் குல்லாய் அணிவித்து, தாயின் மார்போடு தோலும் தோலும் படியக் கிடத்தி, இருவரையும் சேர்த்துக் கம்பளியால் மூடினார். ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று, குழந்தை வாய் திறந்து பால் தேட. அதற்கு முந்திய வாரந்தான் ஒன்பதாம் வகுப்பில் ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தைப் பற்றி நான் கணக்குகள் போட்டுக் காட்டியிருந்தேன்.

அந்தக் கணக்கை இங்கே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். குழந்தையின் மேல் ஒரு தேக்கரண்டி நீர், அதாவது 5 கிராம், துடைக்கப்படாமல் தங்கியிருப்பதாகக் கொள்ளுங்கள். அது முழுதும் ஆவியாக 2,900 கலோரி வேண்டும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடல் ஒரு டிகிரி குளிர்வதற்கு 2,500 கலோரி அளவு வெப்பம் வெளியேறினால் போதும். அவ்வெப்பம் முழுவதும் குழந்தையிடமிருந்தே செல்வதாக வைத்துக்கொண்டால், ஒரு தேக்கரண்டி நீர் ஒரு டிகிரிக்கு மேல் குறைத்துவிடும். உண்மையில் ஒரு பகுதி காற்றிலிருந்து வரும். குழந்தையின் உடலும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். எனவே இழப்பு இதனினும் குறைவே. ஆனால் ஈரத்துண்டில் தங்குவது ஒரு தேக்கரண்டி நீர் மட்டுமன்று. பச்சிளங் குழந்தையின் இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை. அரை டிகிரி, ஒரு டிகிரி என்பன நமக்கு அற்பம், அதற்கு அற்பமன்று.

அண்டா நிறைந்த வெந்நீரும் தம்ளர் வெந்நீரும் ஒருங்கே வைத்தால் எது முன்னர் ஆறும்? தம்ளர் நீரே. சிறு பொருளுக்கு அதன் எடையை நோக்க மேற்பரப்பு மிகுதி. பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் உள்ள தோற்பரப்பு, வளர்ந்தவருக்கு உள்ளதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலையே. இதன்மேல், குளிரில் நாம் நடுங்கி வெப்பம் உண்டாக்குவதுபோல அதற்கு நடுங்கத் தெரியாது. கழுத்துப் புறத்திலும் தோள்பட்டைகளுக்கு இடையிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது சூடு காக்கின்றது. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு அக்கொழுப்பும் குறைவு. அத்தகைய குழந்தையை எப்பொழுது நீராட்டலாம் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். மற்றக் குழந்தைகளுக்கும், பிறந்து 24 மணி நேரம் கழித்தே முதல் நீராட்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குளிர்காலத்தில் நாள்தோறும் நீராட்டவேண்டும் என்பதும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை நீராட்டி, மற்ற நாட்களில் முகம், கழுத்து மடிப்பு, தொடையிடுக்கு ஆகியவற்றை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

வெயில் ஏறிய பிறகு, காற்று வராத அறையில் நீராட்டுங்கள். ஆடையைக் களையுமுன்பே இரண்டு உலர்ந்த துண்டுகள், உடை, குல்லாய் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பாத்திரத்தில் முதலில் தண்ணீரையும், அதன்மேல் வெந்நீரையும் ஊற்றிக் கலக்குங்கள். கலந்த நீர் 37 அல்லது 38 டிகிரி இருக்கலாம். கையை நம்பாதீர்கள். மூன்று கிண்ணச் சோதனையை நினைவு கூருங்கள்: குளிர்நீரில் இருந்த கைக்கு வெதுவெதுப்பான நீரும் சுடும். மலைநாட்டுக் காலைப் பொழுதில் பாத்திரம் கழுவிய கை குழந்தையின் நீரைச் சுடுகிறதென்று சொன்னால், அந்நீர் உண்மையில் ஆறிப்போனதாக இருக்கலாம்; அடுப்படியில் பழகிய கை இதற்கு மாறாக ஏமாற்றும். முழங்கையின் உட்புறமே நல்ல சாட்சி. 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். ஆதலால் குழந்தை பாத்திரத்தில் இருக்கும்போது மேலும் வெந்நீர் ஊற்றுதல் கூடாது. கைப்பேசி மணி அடித்தால் அடிக்கட்டும். சில அங்குல நீரே குழந்தையின் உயிரைக் குடிக்கப் போதுமானது.

உடலை முதலில் கழுவித் தலையை இறுதியில் நனைப்பது நலம். எல்லாம் ஐந்து நிமிடத்திற்குள் முடியட்டும். முதல் துண்டால் தலையைத் துடைத்து, பிறகு மடிப்புகளை ஒற்றி எடுத்து, உடனே அத்துண்டை அகற்றிவிடுங்கள். இரண்டாவது துண்டுதான் போர்த்துவதற்கு உரியது.

பாட்டிமார் காலை நீட்டி அதன்மேல் குழந்தையைக் கிடத்தி நீராட்டும் முறையை நான் குறைகூறமாட்டேன். எண்ணெய் பூசிய குழந்தை வழுக்கி விழாமல் கால்கள் இரண்டும் அணைத்துக் கொள்கின்றன. அக்கால்களின் சூடும் அதற்குக் கிடைக்கின்றது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் தீது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நோய் செய்யும். சாம்பிராணிப் புகையும் அச்சிறு மூச்சுக்குழலுக்கு ஒவ்வாதது. அனைத்தினும் கொடியது மூடிய அறையில் வைக்கும் கணப்புச் சட்டி. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தாயும் சேயும் உறங்கியவாறே மடிய நேரும். எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலனையும் அடைத்த குளியலறையில் வைத்தல் ஆகாது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்த செவிலி அம்மையார் குழந்தையைத் தாயிடம் கொடுத்தவுடன் செய்த அடுத்த வேலை, நான் ஆவலோடு கொண்டு வந்து வைத்த தணலை வெளியே அனுப்பியதுதான்.

நீராட்டிய பின் பார்க்கவேண்டிய சோதனையும் அவர் கற்பித்ததே. பாதமும் வயிறும் இளஞ்சூடாக இருந்தால் குழந்தை நலம். பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் அது குளிரோடு போராடுகின்றது. உடை சேர்த்து, தாயோடு அணைக்கவேண்டும். இரண்டும் குளிர்ந்திருந்தால், அல்லது பால் குடிக்க மறுத்தால், மார்போடு அணைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். மார்போடு அணைக்கும் இம்முறைக்குக் கங்காரு முறை என்று பெயர். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் கருவிகள் போதாத மருத்துவமனை ஒன்றில் எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் இதனைத் தொடங்கினார். அன்று குளிர்ந்த வயிறோடு கிடந்த குழந்தையை நாங்கள் மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கவேண்டும், போகவில்லை. அது எங்கள் நற்பேறு என்பதன்றி வேறில்லை.

அந்த மகள் இப்பொழுது குன்னூரிலேயே வாழ்கிறாள். கடந்த மார்கழியில் அவளுக்குப் பிறந்த குழந்தையை நண்பகலில்தான் நீராட்டுகிறாள். தணல் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு இல்லை. இரண்டாவது துண்டை வெயிலில் காயவைத்து, மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு அறைக் கதவின் உட்புறம் நிற்பதே என் வேலை. கதவை நான் திறந்தால் அவளிடம் திட்டு வாங்குவேன்.