ஓட்டலில் ஒற்றைக்கு உட்கார்ந்த நாள்

எனக்கு வயது 38. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாகர்கோவிலுக்கு வடக்கே, பூதப்பாண்டி பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர், மாமியார், பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன் என்று அளவான குடும்பம். நான் செய்த ஒரு தவறை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். படிக்கிற நாலு பேருக்காவது பயன்பட்டால் சரி.

நாகர்கோவிலில் ஓட்டலுக்குப் பஞ்சமே இல்லை. வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கி மணிமேடை, வேப்பமூடு, மீனாட்சிபுரம், கோட்டாறு என்று எந்தப் பக்கம் போனாலும் சாம்பார் மணம் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் "சம்பாவா, வெள்ளையா?" என்று கேட்டுத்தான் சோறு போடுவார்கள். பருப்பு, நெய், பப்படம், அவியல், துவரன், சாம்பார், ரசம், புளிசேரி, பாயசம் என்று இலை நிறையும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும் கடைகள் தனி. சாயங்காலம் ஆனால் ரசவடை. வெளியூர்க்காரர்கள் இதற்காகவே தேடி வருவார்கள்.

ஆனால் இதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பார்சலாகத்தான் தெரியும். மாதத்தில் ஒருநாள் வீட்டுக்காரர் ரசவடை வாங்கி வருவார். பஸ்ஸில் குலுங்கி வீடு வருவதற்குள் வடை உடைந்து கூழாகிவிடும். அதைத்தான் நானும் மாமியும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். குடும்பத்தோடு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனால் மட்டும், ஓட்டலில் திரை போட்ட 'பேமிலி ரூமு'க்குள் போய் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

எங்கள் தெருவில் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை. காலையில் போனால் ராத்திரிதான் திரும்புவாள். ஒருநாள் வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவள் ஓட்டலில் தனியாக உட்கார்ந்து தோசை சாப்பிடுவதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததோடு விட்டேனா? தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "வீட்டுல அடுப்பு இல்லாத மாதிரி ஆம்பளைகளுக்கு நடுவுல ஒத்தையில உக்காந்து தின்னுகா" என்று சொல்லி வைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்தவள் இரண்டு சேர்த்தாள். பிறகு அதை நான் மறந்தே போனேன்.

2023 ஆனி மாதம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து, குடல்வால் ஆபரேஷன் என்று டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமிக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஊரிலிருந்து எனக்குச் சோறு கொண்டுவர ஆள் இல்லை. நான் ஒருத்தியாகத்தான் கூட இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே நல்ல ஓட்டல் ஒன்று இருந்தது. கையில் பணமும் இருந்தது. ஆனால் வாசல்படி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லா டேபிளிலும் ஆண்கள். 'ஊர்க்காரர் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? புருஷன் படுக்கையில் கிடக்க, இவள் ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிடுகிறாள் என்று பேசமாட்டார்களா?' என் வாயில் வந்த பேச்சுதான் என் காதில் கேட்டது. பெட்டிக்கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கி, மாடிப்படி ஓரத்தில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் மருந்து வாங்கப் போன இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, இங்க இருக்கிய?" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தால் அதே பெண். மத்தியான இடைவேளையில் மாத்திரை வாங்க வந்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டாள். "சோறு தின்னேளா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்து எழுப்பி நேராக அந்த ஓட்டலுக்குள் கூட்டிப்போனாள்.

சர்வர் வந்து, "பேமிலி ரூம்ல ஆள் இருக்கே" என்று இழுத்தார். "பரவாயில்லண்ணே, இங்கயே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, பேன் ஓடுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். "ரெண்டு சாப்பாடு, சம்பாச்சோறு" என்றாள். இலை வந்தது, தண்ணீர் தெளித்தோம், சோறு விழுந்தது. ஒரு ஆளும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் பசி அவரவருக்கு. இதற்குத்தானா இரண்டு நாள் பட்டினி கிடந்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நாலு வாய் சாப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது. "நான் ஒன்னப் பத்தி ஒரு தப்பான பேச்சுப் பேசினேன் பிள்ளே" என்றேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்க்கா" என்றாள். அந்தப் பேச்சு அவள் மாமியார் காதுக்குப் போய், வீட்டில் பெரிய சண்டையாகி, ஒரு மாதம் அவள் ஓட்டல் பக்கமே போகவில்லையாம். நாள் முழுக்க நின்றே வேலை செய்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டாளாம். அதில் அல்சர் வந்து, இப்போது மாத்திரை. அன்றைக்கு வாங்க வந்ததும் அதே மாத்திரைதான். "பரவாயில்ல, தின்னுங்க. சோறு ஆறுது" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. பில் பணத்தையும் அவளே கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் குணமாகி வந்த பிறகு, அவள் மாமியாரிடம் நானே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் சொன்னேன். சொன்ன இடத்திலேயே திருப்பிச் சொன்னால்தானே கணக்குச் சரியாகும்?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் பாடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவில், மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணத்தைச் சொல்லிக் கடைக்குள்ளோ ஓட்டலுக்குள்ளோ யாரும் போவதைத் தடுக்கக் கூடாது என்று இருக்கிறதாம். 'பால்' என்றால் ஆண், பெண் என்ற வித்தியாசம். 1950-லேயே இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால், திருவிதாங்கூர் ராஜா காலத்தில், ஊட்டுப்புரையில் ஒரு சாதிக்கு மட்டும்தான் இலை போடுவார்கள். அந்தக் காலத்தில்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லோரையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்து, ஒரே பந்தியில் உட்கார வைத்தார். ஒரு பந்தியில் உட்காருவதற்கு நம் முன்னோர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! நம்மைத் தடுப்பது சட்டமும் இல்லை, சர்வரும் இல்லை. நம்மைப் போன்ற பெண்களின் நாக்குதான்.

போன வருடம் மாமியைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, திரும்பும் வழியில் ஓட்டலுக்கு அழைத்தேன். "அய்ய, வேண்டாம் மக்ளே, பார்சல் வாங்கிக்க" என்று தயங்கினார். விடவில்லை. வேண்டுமென்றே நடு டேபிளில் உட்கார வைத்தேன். கிண்ணத்தில் ஆவி பறக்க ரசவடை வந்தது. ஊதி ஊதிச் சாப்பிட்டுவிட்டு, "நாப்பது வருசமா ஒடஞ்ச வடையத்தான் தின்னேன். முழுசாப் பாத்தது இன்னைக்குத்தான்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. இப்போது மாதம் ஒருமுறை நானும் மாமியும் டவுனுக்குப் போகிறோம். சீட்டுப் பணம் கட்டுவது மாதிரி, இதற்கென்று மளிகைக் காசில் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன்.

ஓட்டலுக்குப் போகும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். தனியாகப் போனால் கல்லாவுக்குப் பக்கத்து டேபிள் வசதி. உட்காரும் முன்பே விலைப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று கேட்காமலேயே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பார்சல் வாங்கினால் தூக்குவாளி கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. கொதிக்கும் ரசத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வீட்டுச் சமையலை நான் குறை சொல்லவில்லை. தினமும் அடுப்படியில் நிற்பவள்தான் நானும். ஆனால் பசி என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே? இனி ஓட்டலில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால், அவள் என்ன வேலை முடித்து, எத்தனை மணிக்கு எழுந்து, எந்தப் பசியோடு வந்திருக்கிறாளோ என்று மட்டும் நினையுங்கள். முடிந்தால், "இங்க ஆள் உண்டா?" என்று கேட்டு எதிரில் உட்காருங்கள்.

— ஒரு வாசகி, நாகர்கோவில்.