வனஸ்பதி எந்த ஊர்ச் சரக்கு?

2000-களின் நடுவில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வனஸ்பதி டன் கணக்கில் வந்து இறங்கியது. நாம் டால்டா என்போமே, அதுதான். அதற்கு வேண்டிய பாமாயில் இலங்கையில் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. பிறகு எப்படி?

இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான பொருள்களுக்குப் பரஸ்பரம் சுங்கவரி கிடையாது, அல்லது சலுகை உண்டு. ஆனால் மற்ற நாடுகளுக்கு விதிக்கும் வரியை இரண்டும் தம் விருப்பப்படியே வைத்துக்கொண்டன. அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. மலேசிய, இந்தோனேசிய எண்ணெயை இலங்கைக்குக் கொண்டுபோய், ஹைட்ரஜன் செலுத்தி உறையவைத்து, வனஸ்பதியாக இந்தியாவுக்கு அனுப்பினால் வரி மிச்சம். இதற்கென்றே அங்கே ஆலைகள் முளைத்தன. முதலீட்டில் இந்தியர்களும் இருந்தார்கள்!

இதைத் தடுக்கத்தான் 'பிறப்பிட விதி' இருக்கிறது. ஏற்றுமதி விலை 100 ரூபாய் என்றால், மூன்றாம் நாட்டு மூலப்பொருள் 65 ரூபாயைத் தாண்டக் கூடாது. மீதி 35 இலங்கையில் சேர்ந்த மதிப்பு. சூட்சுமம் அந்த 35-இல் இருக்கிறது. கூலி, மின்சாரம் மட்டுமல்ல, ஆலையின் லாபமும் அதில் அடக்கம். இந்தியச் சந்தையில் வரியால் விலை உயர்ந்திருந்ததால், லாபத்தைக் கூட்டியே கணக்கைச் சரிக்கட்ட இடமிருந்தது. இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதிவைத்த விதி விட்ட இடைவெளியில் வியாபாரி புகுந்தான், அவ்வளவே.

இந்திய ஆலைகள் கூச்சலிட்டன. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. பின்னர் இந்தியாவே பாமாயில் வரியைக் குறைத்ததும் லாபம் வற்றி, ஆலைகள் மூடப்பட்டன.

வெளியாருக்கு ஒரே வரி என்று ஐரோப்பிய ஒன்றியம் போல முடிவெடுத்தால் இந்தச் சிக்கலே எழாது. ஆனால் தன் வரியைத் தானே தீர்மானிக்கும் உரிமையை இங்கே எந்த நாடும் விட்டுக்கொடுக்காது.

அடுத்து மிளகு வந்தது. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு நுழைகிறது என்று குடகு, இடுக்கி விவசாயிகள் புகார் சொன்னார்கள். மிளகில் 35 சதவீதக் கணக்குக்கு வேலையில்லை. இலங்கை மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே மூட்டையில் கலந்துவிட்டால் எது எந்த நாட்டு மணி என்று பார்த்துச் சொல்வது கடினம். 2017 டிசம்பரில் இந்தியா சான்றிதழை நம்பாமல் விலையைப் பிடித்தது: கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்ய முடியாது.