சென்னை – கோவை வெறும் 400 கி.மீ. தான்... விமானத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

சென்னையிலிருந்து கோவைக்கு விமான டிக்கெட் போட்டால், பயண நேரம் சுமார் 1 மணி 15 நிமிடம் என்று காட்டும். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் தூரம் ஏறத்தாழ 400 கி.மீ. ஏர்பஸ் ஏ320 மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடியது. அப்படியென்றால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரணுமே, மீதி முக்கால் மணி நேரம் எங்கே போகுது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே கிடையாது. அதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். சென்னையில் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், கோவையில் போய் நிற்பது வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் உள்ள விமானங்கள் கிளம்பக் காத்திருப்பதும் இதில் அடக்கம். தாமதம் வரலாம் என்று நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தேதான் அட்டவணை போடுகின்றன. 'பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்' என்ற பெருமையான அறிவிப்பின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து, காற்று. விமானம் எதிர்காற்றில்தான் எழும்பும். சென்னையில் கடல்காற்று வீசும்போது கிழக்கே கடல் பக்கம் எழும்பி, பிறகு வளைந்து தென்மேற்கே உள்ள கோவைக்குத் திரும்பணும்.

முக்கியமான காரணம், அந்த 800 கி.மீ. வேகம் உயரே போன பிறகுதான் கிடைக்கும். மேலேற 15-20 நிமிடம் ஆகும். இறங்குவதற்கோ ஊருக்கு 150-200 கி.மீ. முன்பே உயரத்தைக் குறைக்கத் தொடங்கணும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. தான் வேக வரம்பு. 400 கி.மீ. பயணத்தில் ஏறுவதையும் இறங்குவதையும் கழித்தால் முழு வேகத்தில் பறக்க என்ன மிஞ்சும்? சாண்ட்விச்சைப் பிரிப்பதற்குள் 'சீட் பெல்ட் போடுங்க' என்று சொல்லிவிடுவதும் அதனால்தான்.

சரி, வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். வேளச்சேரியிலிருந்து காந்திபுரம் போறீங்க. விமான நிலையம் சேர அரை மணி நேரம். பெட்டி கொடுக்கும் கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும் என்பதால், ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்கணும். பயணம் ஒன்றேகால், பெட்டி வர 20 நிமிடம், பீளமேட்டிலிருந்து டாக்ஸியில் 35 நிமிடம். மொத்தம் 4 மணி 10 நிமிடம்.

வந்தே பாரத் 495 கி.மீ. தூரத்தைச் சுமார் 5 மணி 50 நிமிடத்தில் கடக்கிறது. சென்ட்ரல் போக, காத்திருக்க, அங்கே ஆட்டோ பிடிக்க என்று சேர்த்தால் 7 மணிக்கு மேல். கோவைக்கு விமானம்தான் வேகம், மூன்று மணி நேரம் மிச்சம்.

ஆனால் நீங்கள் போவது திருப்பூர் என்றால்? ரயில் உங்க ஊரிலேயே நிற்கும். விமானத்தில் போனால் பீளமேட்டிலிருந்து மறுபடி கிழக்கே 45 கி.மீ. திரும்பி வரணும். லாபம் ஒன்றேகால் மணி நேரமாகக் குறையும். ஈரோடு என்றால் அதுவும் கிடையாது. வந்தே பாரத் ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் ஈரோடு போய்விடும். வாசலுக்கு வாசல் இரண்டுமே கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம்.

காலை 10 மணிக்குக் கோவையில் மீட்டிங் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கே வேண்டாம். சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால், விடியும்போது கோவை.