பயமும் மகிழ்ச்சியும் ஒரே தோணியில்: முத்துக்குளித்துறையிலிருந்து சில குறிப்புகள்

"பயப்படுறியா? அப்போ உனக்கு விசுவாசம் பத்தலை."

மூன்று வருடங்களுக்கு முன்னால், தூக்கமில்லாமல் அலைந்த நாட்களில், எனக்கு வேண்டிய ஒருவர் சொன்ன வார்த்தை இது. ராத்திரி மூணு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க எழுந்து உட்கார்ந்துவிடுவேன். காரணம் என்று ஒன்றும் இருக்காது. அவர் சொன்ன பிறகு அந்தப் பதற்றத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

கிறிஸ்தவ விசுவாசம் கவலையைப் போக்கி மகிழ்ச்சியைத் தரும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் எப்படித் தரும்? பயமே இல்லாமல் ஆக்கிவிடுமா? இந்தக் கேள்வியோடு என் ஊரான தூத்துக்குடியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். பயத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் வாழ்ந்த கடற்கரை இது.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று முதலில் பார்ப்போம். குளியாளி ஒரு கல்லில் காலை ஊன்றி, அதன் கனத்தால் சட்டென்று அடியில் இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். தோணியில் இருப்பவர் இழுத்து மேலே கொண்டுவருவார். ஒரே நாளில் இப்படிப் பல தடவை. கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருப்பதுதான் வழக்கம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தங்கச்சி புருஷனின் உயிர் அல்லவா, கை தளராது!

பெரிய பயம் சுறா. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மந்திரத்தால் சுறாவைக் கட்டுபவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் 20-இல் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. இவர்களுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர்.

1535-37 வாக்கில் இந்தக் கரையின் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். சுமார் 20,000 பேர் என்று சொல்வார்கள். இதன் பின்னணியில் இருந்தது முத்து வணிகப் போட்டியும், போர்ச்சுகீசியரின் பாதுகாப்புத் தேவையும். இதை மறைக்க வேண்டியதில்லை. வேதத்துக்கு வந்ததே ஒரு பயத்தினால்தான்.

சரி, வந்த பிறகு பயம் போய்விட்டதா? இல்லை. எமர்சன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், மன்னார் வளைகுடாவின் மறுகரையில் நடந்த முத்துக்குளிப்பை விவரிக்கிறார். கடல்கட்டியின் சடங்கு முடியாமல் அங்கே குளியாளிகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போதைய கடல்கட்டியே ஒரு கத்தோலிக்கர்! இறையியல்படி இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது வேறு விஷயம். எனக்குப் பட்டது இதுதான்: 300 வருட விசுவாசத்துக்குப் பிறகும் கடலுக்குப் போகிறவன் பயந்தான். அந்தப் பயத்தை அவன் வெட்கப்பட்டு மறைக்கவும் இல்லை.

அப்படியென்றால் விசுவாசம் என்னதான் செய்தது?

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இங்கே வந்தார். தமிழும் போர்ச்சுகீசும் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, அவரே மனப்பாடம் செய்தார். பிறகு தெருத்தெருவாக மணி அடித்துக்கொண்டு போய் மக்களைக் கூட்டி, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் இருந்த எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியவில்லை. அதனால் செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் போய்ப் படுக்கையைச் சுற்றி நின்று, வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு சொல்வார்கள். 1544-இல் எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார்.

கவனியுங்கள். பயந்து கிடப்பவன் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்ந்து சொல்ல ஆளும் இருக்கிறது.

அதே 1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடலில் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்து பசியிலும் தாகத்திலும் தவித்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு கிளம்பினார். எதிர்க்காற்று. போய்ச்சேர முடியவில்லை. புனிதருக்கும் காற்று வழிவிடவில்லை! ஆனாலும் அவர் கிளம்பினார் என்பதுதான் முக்கியம்.

இதற்குப் பிறகு பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 4-ஆம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்தேன். மகிழுங்கள், எதற்கும் கவலைப்படாதீர்கள் என்ற பொருளில் அவர் எழுதுவது சிறையிலிருந்து. அதாவது, ஆபத்து இல்லாத இடத்திலிருந்து வந்த அறிவுரை அல்ல அது. கவலையை விடச் சொல்லிவிட்டு அவர் வழியும் காட்டுகிறார்: தேவையைக் கடவுளிடம் வாய்விட்டுச் சொல், சொல்லும்போது நன்றியையும் சேர்த்துச் சொல். இன்னொன்று, கிரேக்க மூலத்தில் மகிழுங்கள், கவலைப்படாதீர்கள் என்ற இரண்டு வினைகளும் பன்மை. ஒருவனைத் தனியாக உட்கார வைத்து "நீ சந்தோஷமாக இரு" என்று மிரட்டவில்லை. ஒரு சபையையே சேர்ந்து மகிழச் சொல்கிறார்.

எங்கள் ஊரில் அந்த மகிழ்ச்சிக்குத் தேதியே உண்டு. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. 1713-இல் கட்டி முடித்த அந்தக் கோயில் முன்னால் 1806-இல் முதன்முதலாகத் தங்கத்தேர் ஓடியது. பாடு நன்றாக இருந்த வருடமும் திருவிழா உண்டு, கடலில் ஆளைப் பறிகொடுத்த வருடமும் உண்டு. மனசு சரியான பிறகு மகிழலாம் என்று இங்கே யாரும் காத்திருப்பதில்லை. அழுதுகொண்டே வருகிறவரையும் கூட்டம் ஏற்றுக்கொள்ளும்.

என் தாத்தா சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961-இலும் கடலில் இறங்கியிருக்கிறார். "தாத்தாவுக்குப் பயமே கிடையாதா?" என்று பாட்டியிடம் ஒருநாள் கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டார்.

"பயமில்லாம எவம்லே கடலுக்குப் போவான்? பயந்துகிட்டேதான் போவாக. மாதாவக் கும்புட்டுட்டு, கயிறு பிடிக்க ஆளையும் பாத்துட்டுப் போவாக."

இரண்டும்! கும்பிடுவதும் உண்டு, கயிறு பிடிக்க ஆளும் வேண்டும்.

அதன் பிறகுதான் நான் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். மாத்திரை சாப்பிட்டேன். அதை விசுவாசக் குறைவு என்று இப்போது நினைப்பதில்லை. கூடவே, ராத்திரி விழிப்பு வந்தால் மனசுக்குள் சுற்றுவதை வாய்விட்டுச் செபமாகச் சொல்கிறேன். அன்று நடந்த நல்லது ஒன்றுக்காவது நன்றி சொல்கிறேன். காலையில் ஒரு நண்பனுக்குப் போன் போட்டு, "நேத்து ராத்திரியும் வந்துச்சுடா" என்கிறேன்.

பதற்றம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் சில நாள் வரும். ஆனால் போன ஆகஸ்ட் 5 அன்று, மாதா கோயில் தெருவில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் சந்தோஷமாக இருந்தேன். முந்தின ராத்திரி சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அது சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்கவும் இல்லை.